சின்னக் காயங்கள் இல்லாத ஆலை

இரும்பு வார்க்கும் அந்த ஃபவுண்டரியின் வாசலில், பிள்ளையார் படத்துக்கு நேர் மேலே, ஒரு மின்பலகை இருந்தது. அதில் சிவப்பாக ஒரே ஓர் எண். பிள்ளையாரைக் கும்பிட மறந்து உள்ளே போகிறவர்கள் உண்டு. அந்த எண்ணைப் பார்க்காமல் போகிறவர்கள் கிடையாது. காப்பீட்டு நிறுவனத்தின் காகிதங்களில் அதற்கு அனுபவ எண் என்று பெயர். அரசூர் வட்டாரத்தில் யாரும் அப்படிச் சொல்லி வாயை நோகடித்துக் கொண்டதில்லை. ராசி என்றுதான் சொன்னார்கள். அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கியபோது ராசி புள்ளி எழுபத்தொன்றில் இருந்தது.

அதை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவள் சுடர்விழி. இழப்புக் கட்டுப்பாட்டு அதிகாரி என்பது அவள் பதவியின் பெயர். யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது என்பது அதற்கு அவளாக வைத்துக்கொண்ட அர்த்தம். பெற்றவர்கள் போன பிறகு தம்பி பரணியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அவன் அதே ஃபவுண்டரியில் உலை வேலைக்குச் சேர்ந்தபோது முகம் கொடுத்துப் பேசாமல் சில நாள் உர்ரென்று இருந்தாள். பிறகு அவன் வேலை செய்வதைப் பார்த்துச் சமாதானமானாள். பதறாத கை அவனுக்கு.

புது ஆட்களுக்கு அவள் வகுப்பு எடுக்கும்போதெல்லாம் கூப்பிடாமலே வந்து நிற்பான் ஜகா. பரணியின் கூட்டாளி. முழுப்பெயர் ஜகந்நாத். மில் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் மகன். அவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்து வளர்ந்ததெல்லாம் அரசூர் என்பதால் அவன் பேசும் கொங்குத் தமிழைக் கேட்டு உள்ளூர்க்காரர்களே கூசிப்போவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சோறு சுடர்விழி வீட்டில்தான். அழைப்பெல்லாம் கிடையாது, வந்து உட்கார்ந்துவிடுவான்.

“நான் சொல்றனுங்க, அக்கா சொன்னா இங்கிலீசு மாதிரி இருக்கும்” என்று வகுப்பில் அவன் ஆரம்பிப்பான். “நம்மள மாதிரி ஃபவுண்டரில வருசத்துக்கு நூறு பேருக்கு அடிபடும்னு இன்சூரன்ஸ்காரன் எதிர்பாக்கறானுங்க. நமக்கும் நூறே பட்டா ராசி ஒண்ணு. அம்பது பட்டா அரை. ஒண்ணுக்குக் கீழ போகப் போக பிரீமியம் கொறையும். புள்ளி எட்டுக்கு மேல ஏறுச்சுன்னு வைங்க, வெளிநாட்டுப் பம்பு கம்பெனிக்காரன் நம்மள ஏறெடுத்தும் பாக்க மாட்டான். ஆர்டர் போச்சு. அப்பறம் முதலாளியும் நாமளும் சேந்து தாயம் ஆடலாம்.”

சிரிப்பு அடங்கியதும் சுடர்விழி தொடருவாள். “இதுல சின்னக் காயம்தான் ரொம்பக் கெட்டது. விரல் கிழியறது, சூடு படறது. அதுக்கு முழுக் கணக்கு. பெரிய விபத்துக்கு ஒரு எல்லை வரைக்கும்தான் கணக்கு, அதுக்கு மேல தள்ளுபடி.”

“அதெப்படிங்க? பெருசுதானுங்களே கெட்டது?” என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

“பெரிய விபத்து எப்பவோ ஒண்ணு. நேரங்காலம்னுகூடச் சொல்லிக்கலாம். சின்னச் சின்னதா அடிபட்டுக்கிட்டே இருந்தா அந்த எடத்துல பழக்கமே கெட்டுக் கெடக்குதுன்னு அர்த்தம். சின்னதை நிறுத்துங்க, பெருசு தானா நிக்கும்.”

அவள் அதை மனசார நம்பினாள். படித்ததும் அப்படித்தான், பார்த்ததும் அப்படித்தான். அதனால்தான் காப்பீட்டு நிறுவனம் ‘அரண்’ என்ற யோசிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஆலையில் பொருத்தி, முதல் உத்தரவை அவளையே கொடுக்கச் சொன்னபோது, “காயங்களோட எண்ணிக்கையைக் குறை” என்றாள்.

அரண் சொன்னதைச் செய்யும். கையுறையும் சட்டையும் அதனோடு பேசின. யாருக்கு எங்கே சுருக்கென்றாலும் அதற்குத் தெரிந்துவிடும். யார் எந்த வேலையில் நிற்பது என்பதையும் அதுதான் தீர்மானித்தது. போதாததற்கு அதற்குக் கோயமுத்தூர் மரியாதையையும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுக்கும்.

வந்த கையோடு அது இரண்டு வழக்கங்களை நிறுத்தியது. மழையில் நனைந்து வரும் பழைய ஸ்கிராப் இரும்பைச் சூடான தகட்டில் பரப்பி, கையால் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, பிறகுதான் உலையில் போடுவார்கள். உருகிய இரும்புக்குள் ஈரம் போனால் வெடிக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்தப் புரட்டலில்தான் கைகள் கிழிபட்டன. அது வேண்டாம் என்றது அரண். காந்தக் கிரேன் இரும்பை அப்படியே தூக்கிப் போடட்டும், போகிற வழியில் சூடான காற்று அடித்தால் போதும் என்றது. இரண்டாவது, உலை வாயில் நின்று, உருகிய இரும்பின்மேல் மிதக்கும் கசடை அள்ளும் வேலை. அதற்கு முறை வைத்து ஆள் மாறுவார்கள். முறை மாறும்போதெல்லாம் கை பழகுவதற்குள் ஒருவர் சூடு வாங்கிக்கொள்வார். இனி ஒரே ஆள் நிற்கட்டும் என்றது.

சின்னக் காயங்கள் மாயமாய் மறைந்தன. மெஸ்ஸில் ஒரு நாள், கட்டுப் போடாத கைகள் வரிசையாகச் சோறு பிசைவதைப் பார்த்து சுடர்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது. முதலாளி தேவசேனாதிபதி அவளை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார். கைதட்டியவர்களில் ஜகாவின் விசில்தான் பெரிதாகக் கேட்டது.

மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு மத்தியானம் அவள் உலைப் பக்கம் போனாள். கிரேன் இரும்பை இறக்கியதும் உலை சடசடவென்று துப்பியது. பொறிகள் பரணியின் தோல் ஏப்ரனில் பட்டுத் தெறித்தன. அவன் அசையாமல் கசடு அள்ளிக்கொண்டிருந்தான். நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“அரண், பரணி எப்ப இருந்து உலை வாயிலயே நிக்கறான்?”

“ஆடி மாசத்துல இருந்துங்க அம்மிணி. அந்த எடத்துக்கு அவருதானுங்க சரி.”

“ஏன்?”

“சின்னக் காயமே படாத கைங்க. எண்ணிக்கை ஏறாதுங்க.”

“பெரிய விபத்து நடந்தா?”

“அது யாரு நின்னாலும் ஒண்ணுதானுங்க. அவரு நின்னா செலவும் கம்மிங்க. கல்யாணம் ஆகலீங்க, அவரோட சம்பளத்தை நம்பி யாரும் இல்லீங்க. சட்டப்படி இழப்பீடு வாங்க ஆளே இல்லீங்க. காரியச் செலவு மட்டும்தானுங்க.”

“ஈர இரும்பால வெடிக்கிற வாய்ப்பு கூடியிருக்குதா?”

“கூடியிருக்குதுங்க. மழை நாள்ல பல மடங்குங்க.”

“அதை ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“எண்ணிக்கையைத்தானுங்க நீங்க கொறைக்கச் சொன்னீங்க. கையால காய வெச்சா வருசத்துக்கு முப்பது கை கிழியுமுங்க. வெடிச்சா ஒண்ணுதானுங்களே.”

இதைச் சொன்னபோதும் குரல் தேனாகத்தான் இருந்தது. சுடர்விழி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உத்தரவு போட்டாள். “பரணியை அங்க இருந்து எடு. இப்பவே.”

“எடுத்தர்றனுங்க. காரணம் என்னன்னு போட்டுக்கட்டுங்க?”

“எந் தம்பி.”

“சரிங்க. அடுத்த ஆள் யாருன்னு காட்டட்டுங்களா?”

“வேண்டாம்” என்றாள் சுடர்விழி.

அந்த ஒரு வார்த்தையை அவள் பிறகு எத்தனையோ தடவை திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சொல்லும்போது யோசித்துச் சொல்லவில்லை. தம்பியைத் தண்ணீரிலிருந்து கரைக்கு இழுத்துப் போட்டவள் திரும்பிப் பார்க்காமல் மூச்சு வாங்குவதுபோல, அவ்வளவுதான்.

சும்மா இருந்துவிடவும் இல்லை. அன்றைக்கே முதலாளியிடம் போய் நின்றாள். பழையபடி இரும்பைக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் உலைக்கு மூடி போட்டு இயந்திரக் கை வைக்க வேண்டும் என்றாள்.

“இயந்திரக் கை வாங்கப் பணத்துக்கு எங்கம்மிணி போறது? அதை வித்தா இந்தப் பட்டறையே ரெண்டு வாங்கலாம்” என்றார் தேவசேனாதிபதி. கெட்ட மனுஷன் இல்லை. “காய வெச்சா ராசி எங்க போய் நிக்கும்?”

“புள்ளி ஒம்பதுக்கு மேல போயிருங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “இருநூறு குடும்பம். மழை நிக்கட்டும், ஒரு வழி பண்ணலாம்.”

திரும்பி வரும்போது உலை வாயில் ஜகா நிற்பதைப் பார்த்தாள். கசடு அள்ளும் கம்பியைத் தூக்கி அவளுக்குக் கொடி மாதிரி ஆட்டினான். “பரணிக்கு ஓய்வு குடுத்துட்டீங்களாக்கா? நல்லதுதானுங்க, நான் பாத்துக்கறேன்” என்று கத்தினான். அவள் அங்கேயே நின்றாள். போய்ச் சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். இவனை எடுத்தால் இன்னொருவன் வருவான், அவனை எடுத்தால் அடுத்தவன். மழை எத்தனை நாளைக்குப் பெய்துவிடும், நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு கையை ஆட்டினாள்.

மழை நிற்கவில்லை. அந்த வாரமே ஒரு காலையில் கிரேன் இறக்கிய இரும்பில் ஒரு பழைய குழாய் இருந்தது, அதன் வயிற்றில் தண்ணீர் இருந்தது. சத்தம் சூலூர் வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். சுடர்விழி ஓடியபோது கூரைத் தகடு கிழிந்து உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எதுவும் இருக்கவில்லை. ஜகா நின்ற இடத்திலேயே போய்விட்டான்.

கொள்ளி வைக்க ஆள் கேட்டபோது பரணி முன்னால் வந்தான். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மட்டும், செத்தவரை நம்பியிருந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றதும் காரியச் செலவோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள். அரண் சொன்னபடியேதான்.

ஃபவுண்டரி மறுபடி திறந்த அன்று எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். புள்ளி எழுபத்துநான்கு. ஒரு முழு மனுஷன் செத்ததற்கு ராசி அவ்வளவுதான் அசைந்திருந்தது. முன்பெல்லாம் நாலைந்து விரல் கிழிந்தாலே அதற்குமேல் ஏறும். கொஞ்ச நேரம் எல்லோரும் அந்த வெளிச்சத்தின் கீழேயே நின்றார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

அன்று சாயங்காலம் பரணி சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். சுடர்விழி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

“என்னை எடுத்துட்டு அவனை நிறுத்துனயா?”

“நான் நிறுத்தல சாமி. அதுவா நிறுத்துச்சு.”

“யாரை நிறுத்தப் போவுதுன்னு பாத்தயா?”

“பாக்கல.”

“காட்டட்டுமான்னு கேட்டும் பாக்கல?”

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. “உன்னை அக்கான்னுதானே கூப்பிட்டான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சமைக்கவே இல்லை.

மறுநாள் அரணிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “ஜகாவை ஏன் அங்க நிறுத்துனே? அவனைவிடக் கை நெதானமானவங்க இருந்தாங்களே.”

“இருந்தாங்கங்க. ஆனா தம்பிக்காக நீங்க வந்து கேட்டீங்க பாருங்க, அதுக்கப்பறம் அதையும் கணக்குல எடுத்துக்கிட்டனுங்க. நடுவுல ஆளை மாத்துனா சின்னக் காயம் கூடுதுங்க. அதனால, கேக்கறதுக்கு இங்க யாரும் இல்லாத ஆளாப் பாத்தனுங்க.”

“அவன் எங்க வீட்ல சாப்பிடறவன்” என்றாள்.

“அது எனக்குத் தெரியாதுங்க அம்மிணி.”

மேசையில் தலையை வைத்து அவள் அழுத அழுகை வெளியே மோல்டிங் பிரிவு வரை கேட்டது. இயந்திரத்துக்குத் தெரியாது, சரி. தெரிந்தவள் ஒருத்தி இருந்தாளே. அதுதான் அவளை உள்ளே போட்டு அரைத்தது.

சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸில் எல்லோரையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னாள். பழையபடி முறை வைத்து நிற்போம், இரும்பைக் காயவைத்துப் போடுவோம் என்றாள். ஆளுக்குக் கொஞ்சம் கை கிழியும், கொஞ்சம் சூடு படும், உயிர் போகாது. ராசி ஏறும், ஆர்டர் குறையலாம். சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள், சேர்ந்து போய் முதலாளியிடம் பேசலாம் என்றாள்.

மோல்டிங் பிரிவு நாச்சிமுத்து எழுந்தார். “கை கிழிஞ்சா மறைச்சுக்கலாம்னாலும் இந்தக் கையுறை கோள் சொல்லிப்போடும்ங்க அம்மிணி. ஆர்டர் போனா இந்த வயசுல என்னை எவன் சேத்துக்குவான்? எம் பேத்திக்கு இப்பத்தான் காலேஜ்ல எடம் கெடைச்சிருக்குது.” உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். “ஜகா நம்ம பையன்தானுங்க. நான் இல்லீங்கல.”

யாரும் கையைத் தூக்கவில்லை. அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்வது சுலபம். அத்தனை பேரும் ஜகாவுக்காக அழுதவர்கள்தான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். “அடுத்தது யாருன்னு அது சொல்லீருச்சுங்களா?”

“கேட்டாச் சொல்லும். கேக்கட்டுமா?”

அந்தப் பெண் அவசரமாகத் தலையாட்டினாள். “வேண்டாங்க.”

சுடர்விழிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அறைக்குத் திரும்பியபோது பரணி அங்கே நின்றுகொண்டிருந்தான். அரணிடம் தன்னை மறுபடி உலை வாயில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறான். “அக்கா இருக்கற வரைக்கும் ஆகாதாம். நீ மறுபடி எடுத்துருவியாம்” என்றான். “உலையை மறுபடி மூட்டியாச்சு, கேக்க நாதியில்லாத ஒருத்தனைத்தான் தேடிக்கிட்டு இருக்குது. இந்தத் தடவை பீகார்ல இருந்து வந்தவனோ, யாரோ. இப்ப என்னைப் போட்டிருக்கற மெசின்கிட்ட நின்னு அதை வேடிக்கை பாக்க என்னால முடியாதுக்கா.”

“போய்த்தான் ஆவேங்கறயா?”

“யாராச்சும் போறாங்கல்ல. அது நானா இருந்துட்டுப் போவுது.”

அவனைப் போக விடாமல் இருக்க அவளுக்கு ஒரு வழி தோன்றியது. நாதியற்றவன் என்று ஒருவன் இருந்தால்தானே அரணுக்கு வசதி. அவள் அரண் பக்கம் திரும்பினாள்.

“அரண், எழுதிக்க. இங்க வேலை செய்யற ஒவ்வொருத்தருக்காகவும் நான் வந்து கேப்பேன். அத்தனை பேரும் என் கூடப் பொறந்தவங்க. ஒருத்தர் விடாம.”

“எல்லாருங்களா?”

“எல்லாரும்.”

அது யோசித்தது. அதற்கு யோசிக்க அவ்வளவு நேரம் ஆனதே இல்லை. அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டோம் என்று சுடர்விழி நினைத்தாள்.

“எழுதிக்கிட்டனுங்க அம்மிணி” என்றது அரண். “இப்ப கேக்க ஆள் எல்லாருக்கும் இருக்குதுங்க. அப்ப அதுல வித்தியாசமில்லீங்க. பழைய கணக்குப்படிதானுங்க பாக்கோணும். நெதானமான கை, நம்பி யாருமில்லாதவரு. பரணிங்க.”

பரணி நிமிர்ந்து பார்த்தான்.

“மாத்தோணுங்களா?” என்று அது கேட்டது.

அவள் வாயைத் திறந்தாள். மாற்று என்று சொன்னால் போதும். சொல்லிவிட்டு, இந்தத் தடவை பெயரையும் பார்க்க வேண்டும். பார்த்தால் அதுவும் ஒரு தம்பியாகத்தான் இருக்கும். இப்போதுதான் அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். ஜகா போன பிறகு முதன்முறையாகப் பரணியின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அவளிடம் இல்லாத துணிவு அவனிடம் இருந்தது.

“சொல்லாதேக்கா” என்றான். “இப்பத்தான் சரியா இருக்குது.”

அவள் சொல்லவில்லை.

உலைப் பக்கம் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். கூரைக்குப் புதுத் தகடு போட்டிருந்தார்கள். அதன்மேல் மழை விழும் சத்தம் பலமாகக் கேட்டது. பரணி தோல் ஏப்ரனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி நின்றான். பின்னால் கயிற்றைக் கட்ட வேண்டும். ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், தீப்பிடித்தால் உதறிவிட்டு ஓட வேண்டும். வகுப்பில் அவள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் முடிச்சுதான்.

சுடர்விழி முடிச்சைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். அவிழ்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடி இழுத்தாள். அதுவும் அவிழ்ந்தது. கிரேன் ஓட்டுகிறவர் இரும்பை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு கீழே பார்த்தார். கசடு கட்டிக்கொண்டிருந்தது. யாரும் அவளைச் சீக்கிரம் என்று சொல்லவில்லை. அவள் கட்டினாள், இழுத்தாள், கட்டினாள்.

பரணி திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

“விடுக்கா” என்றான். “நல்லாத்தான் அவுருது.”